பதினெட்டாம் மாடியில் சோளகம்

கொழும்பில், பதினெட்டு மாடிக்கு மேல் நின்று காற்றுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு மேசை துடைக்கிற ஒருவனை எனக்குத் தெரியும். பெயர் யசிந்தன். ஊர் நெடுந்தீவு. கடலுக்குப் போகிற இன்னாசித்தம்பியின் மூன்றாவது பிள்ளை.

பதினாறு வயதில் தகப்பன் அவனை வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார். வலையில் அவனுடைய கை இருக்கும். முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, இது கொண்டல், இது வாடை, இன்னும் கொஞ்ச நேரத்தில் இது செத்துப்போகும் என்பான். சொன்னது பிழையாவதில்லை. ஆனால் வள்ளத்தில் காற்றை ரசிப்பதற்கு என்று ஓர் ஆள் தேவையில்லை. ஒரு வருடம் பொறுத்த இன்னாசித்தம்பி, நீ கரையில் செய்யிற வேலை ஒன்றைப் பழகு என்று இறக்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் விருந்தோம்பல் படிப்பொன்று படித்தான். அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் நான்கு வருடம் நின்றான். இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு கொள்ளுப்பிட்டியில் புதிதாகத் திறந்த மொட்டைமாடி பார் ஒன்றுக்கு வேலைக்கு வந்தான். வெள்ளவத்தையில் நான் இருக்கும் அறையில் இரண்டாவது கட்டில் அவனுடையது.

பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த அறையைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. மின்விசிறி வெக்கையைத்தான் கிண்டிக் கிண்டிப் பரிமாறும். சுவரைத் தொட்டால் பாண் சுடுகிற போறணையைத் தொட்ட மாதிரி இருக்கும். வேலை முடிந்து வந்து உடுப்பை மாற்றிக்கொண்டு நான் கடற்கரை வீதியால் நடந்து யசிந்தனிடம் போய்விடுவேன். கடைசி மூலையில், தூணுக்குப் பின்னால், யாரும் கேட்காத ஒரு கதிரை உண்டு. அதில் ஒரு தேசிக்காய்த் தண்ணீரோடும் ஒரு கவிதைப் புத்தகத்தோடும் இருந்தால் மூன்று மணித்தியாலம் போவது தெரியாது. புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு மேல் நகர்வதில்லை. பார்ப்பதற்கு அவ்வளவு இருந்தது.

லிப்ட் கதவு திறக்கும்போது ஆட்களின் முகத்தைப் பார்க்கவேண்டும். கீழே வீதியில் வெந்துபோய் வருகிறவர்கள். கதவு விலகியதும் காற்று வந்து நேரே மூஞ்சியில் அடிக்கும். யாராக இருந்தாலும் ஒரு கணம் கண்ணை மூடுவார்கள். பிறகு கழுத்துப்பட்டியைத் தளர்த்துவார்கள், செருப்பைக் கழற்றுவார்கள், குதிக்கால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிற பெண்கள் உண்டு. வெள்ளை மெத்தைகள், தாழ்ந்த மேசைகள், அம்பரெல்லாக்காய்த் துண்டு, கொடித்தோடைப் பழவிதை, செவ்விளநீர் வழுக்கை என்று ஏதாவதொன்று மிதக்கும் உயரமான கண்ணாடிக் கோப்பைகள். ஆறேகாலுக்குச் சூரியன் கடலுக்குள் இறங்கத் தொடங்கினால் எல்லோரும் தொலைபேசியைத் தூக்கிவிடுவார்கள். நேற்று எடுத்த அதே சூரியன்தான். ஆனாலும் எடுப்பார்கள். நானும் ஒருநாள் எடுத்தேன்.

யசிந்தன் ஆட்களை இருத்துவதில் ஒரு கணக்கு வைத்திருந்தான். அந்தக் கணக்கு மற்ற வெயிற்றர்களுக்குப் பிடிபடவில்லை. சண்டை பிடித்துக்கொண்டு வருகிற சோடியைக் காற்றுக்கு முகம் கொடுத்து இருத்துவான். பத்து நிமிடத்தில் ஆறிவிடுவார்கள். புதிதாகக் காதலிக்கிறவர்களுக்கு வடக்கு மூலை. அங்கே காற்று பேச்சை அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே போய்விடும், பக்கத்து மேசைக்கு ஒரு சொல்லும் கேட்காது. கடதாசிகளோடு வருகிற கந்தோர்க்காரருக்கு லிப்ட் சுவரின் மறைவு.

அந்தப் பாரில் ஒரு பெரிய படங்கு இருந்தது. மழை வந்தால் லிப்ட் சுவரிலிருந்து கடல் பக்கத்துத் தூண்கள் வரைக்கும் இழுத்துக் கட்டுகிற தடித்த கன்வஸ். நாலு பேர் இருபது நிமிடம் மாரடிக்க வேண்டும். கட்டிவிட்டால் வானம் இல்லை, சூரியன் இல்லை, வந்தவர்களில் பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள். ஆகவே மழை வருமா வராதா என்பது மனேஜர் றுவனுக்கு ஒவ்வொரு பின்னேரமும் தலையிடி. தொலைபேசியில் வானிலை பார்ப்பார். அது தினமும் மழை என்றே சொல்லும்.

பின்னேரங்களில் திடீரென்று மழை கொட்டுகிற சித்திரைக் குழப்பத்தில் ஒருநாள், வானம் வெளித்திருக்கையில் யசிந்தன் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கடல்காற்று செத்துப்போச்சு, தரைப்பக்கத்திலிருந்து மழை வருகிறது, அரை மணித்தியாலம் என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். இருபத்தெட்டாவது நிமிடம் கொட்டியது. அன்றிலிருந்து றுவன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு யசிந்தனின் கன்னத்தைப் பார்க்கத் தொடங்கினார். சித்திரை முழுக்க அது ஒருநாளும் பிழைக்கவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஊரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

என்னுடைய பெரியம்மா மேரிஜோசப்பினுக்கு ஒரே மகள், ஜெனீற்றா. நெடுந்தீவில் முன்பள்ளி ஆசிரியை. கோயில் பாடற்குழுவில் ஜெனீற்றா முதல் வரிசை, யசிந்தன் பின்வரிசை. ஒருவரை ஒருவர் பிடித்துப்போய் ஐந்து வருடம். தை மாதமே இன்னாசித்தம்பி ஆள்விட்டுக் கேட்டிருந்தார். பெரியம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெடியனுக்கு என்ன வேலை என்று கேட்டார். ஹோட்டல் என்றார்கள். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை, மகளிடம் கேட்டார். ஜெனீற்றாவுக்குப் பொய் வராது. பெரிய கட்டடம் ஒன்றின் உச்சியில் ஒரு பார் என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பார் என்றால் எது என்று சொல்லவேண்டும். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு கடை. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது. வெளியே வருகிற ஆட்களைப் பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும். துறைமுகத்தடியில் அப்படியொன்று வரப்போகிறது என்று ஒரு வருடம் கதை வந்தபோது, வேண்டாம் என்று மனு எழுதினார்கள். அந்த மனுவின் முதலாவது கையெழுத்து பெரியம்மாவினுடையது. ஏழு மாடு வைத்துப் பார்க்கிறவர், கருவாடு போடுகிறவர், கோயில் பெண்கள் சபையின் தலைவி. அந்தக் கையெழுத்தை வைத்த கையால் எப்படி மகளைப் பிடித்துக் கொடுப்பது என்பது அவருடைய கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல ஏலாது.

வைகாசி கடைசிக் கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நேர்த்திக்கடனுக்கென்று பெரியம்மா கொழும்புக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை காலை நேர்த்தி முடிந்தது. மத்தியானம், என் அறையில் கட்டிலில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டே சொன்னார்:

“அவன் வேலை செய்யிற இடத்தை எனக்குக் காட்டு. கண்ணாலை பாத்திட்டு இண்டைக்கே ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்லிப்போட்டுப் போறன். பிள்ளையை இழுத்தடிக்கக் கூடாது.”

யசிந்தன் அப்போது வேலையில் நின்றான். கோல் எடுத்துச் சொன்னேன். மறுபக்கத்தில் ஏதோ கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

புறப்படும்போது வழக்கம்போல நான் குடையை எடுத்தேன். பெரியம்மா யன்னலடியில் நின்று வெளியே ஒருதரம் பார்த்தார். சோளகம் எழும்பிவிட்டது, மழையும் கிழையும் எங்கேயிருந்து வரப்போகிறது, அதை ஏன் காவுகிறாய் என்றார். நெடுந்தீவில் வைகாசியில் தென்மேற்குப் பக்கமிருந்து சோளகம் எழும்பினால் புரட்டாசி வரைக்கும் ஒரு துளி விழாது. கருவாடு காய்வதற்கென்றே ஆண்டவர் அனுப்புகிற காற்று அது. குடையை மறுபடி கொளுவிவிட்டேன்.

அங்கே மாடியில் அதே நேரம் அதே கதைதான் நடந்திருக்கிறது. இதைப் பிறகு யசிந்தனே சொன்னான். அன்று பின்னேரம் நாற்பது பேருக்கு ஒரு பிறந்தநாள் விழா. படங்கைக் கட்டுவதா விடுவதா என்று றுவன் கேட்டிருக்கிறார். வேண்டாம், சோளகம், காய்ந்த காற்று, இனி மூன்று நாலு மாதத்துக்கு மழையை மறந்துவிடுங்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். கோப்பைகளில் கலந்து ஊற்றுகிற சமிந்த மாத்தறைக்காரன். எங்களூரில் இந்தக் காற்றுத்தான் மழையையே கொண்டு வருகிறது என்று அவன் சொல்ல, காற்று அடித்தால் மேகம் எப்படி நிற்கும் என்று இவன் கேட்க, இருவரும் பனிக்கட்டிப் பெட்டியடியில் நின்று வாதாடியிருக்கிறார்கள். நாலைந்து நாளாகத் தொலைபேசி மழை என்று சொல்லி மழை வரவில்லை. றுவன் யசிந்தனின் பக்கம் நின்றார்.

அவன் கன்னத்தை நம்பித்தான் சொன்னான். ஆனால் வேறொன்றும் இருந்தது. படங்கு கட்டினால் அந்த இடம் இருண்டு, தாழ்ந்து, மஞ்சள் வெளிச்சத்தில் ஆம்பிளைகளின் முகங்களாகத் தெரியும். ஜெனீற்றாவின் அம்மா அதை வானத்தோடு பார்க்கவேண்டும் என்று அவன் விரும்பினான்.

லிப்டுக்குள் பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டார். கதவு திறந்தது. காற்று வந்து முகத்தில் அடிக்க, எல்லோரையும் போல அவரும் கண்ணை மூடினார். திறந்தபோது எதிரே கடல் கிடந்தது. பிறந்ததிலிருந்து கடலோடு இருக்கிறவர். ஆனால் நெடுந்தீவு தட்டை. அங்கே கடல் கால்மட்டத்தில் வந்து நிற்கும், முகத்தோடு முகம் பார்க்கும். கடலின் முதுகை அவர் அன்றுதான் பார்த்தார். தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த ஐந்து கப்பல்கள். கைவிரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

கறுப்பு ஏப்ரன் கட்டிய யசிந்தன் வந்து, வாங்கோ அன்ரி என்றான். பெரியம்மா ம் என்றார். தென்மேற்கு மூலைக்குக் கூட்டிப்போய், கதிரையை அரைவாசி திருப்பி வைத்து இருத்தினான். சேலைத் தலைப்பு முகத்தில் அடிக்காமல் பின்னால் பறந்தது. அவன் அங்கால் போனதும் பெரியம்மா என் பக்கம் குனிந்து, காற்றைப் பார்த்துத்தான் கதிரை போட்டிருக்கிறான் என்றார். பாராட்டா குற்றச்சாட்டா என்று குரலில் தெரியவில்லை.

பிறகு சுற்றிப் பார்த்தார். ஒரு மேசையில் தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள். பிறந்தநாள்காரி மஞ்சள் சட்டையில் கேக்குக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தாள். பக்கத்து மேசையில் கழுத்துப்பட்டி போட்ட பெரிய மனிதர் ஒருவர் தனியே இருந்து மூன்றாவது கோப்பையை முடித்துவிட்டு நாலாவதுக்குக் கை காட்டினார். யசிந்தன் தண்ணீர் கொண்டுபோய் வைத்தான். மெதுவாக ஏதோ சொன்னான். அவர் முறைத்தார். இவன் சிரித்துக்கொண்டே நின்றான். கடைசியில் அவர் கார்ச் சாவியை எடுத்து அவனுடைய தட்டில் போட்டார். இவன் ஓட்டோவுக்குக் கோல் எடுத்தான். பெரியம்மா இதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தார். எங்கள் பக்கத்துப் பார்களில் இப்படி மறிக்க ஆராவது நிற்கிறார்களோ என்று என்னைக் கேட்டார். நான் அங்கெல்லாம் போனதில்லை என்றேன். போயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

யசிந்தன் தேசிக்காயும் புதினாவும் உப்பும் போட்ட ஒரு பச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தான். அவர் தொடவில்லை.

“நீர் குடிக்கிறனீரோ?”

“பெருநாளுக்கு அப்பாவோடை ஒரு மிடறு கள்ளு, அன்ரி. இஞ்சை ஒண்டும் தொடுறேல்லை.”

“ஆனா மற்றவைக்கு ஊத்திக் குடுக்கிறீர்.”

அவன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வேறு ஏதாவது சொல்லுவான் என்று நான் எதிர்பார்த்தேன். சாப்பாடும் குடுக்கிறம், வெளிநாட்டுக்காரர் வருகினம், இப்படி எவ்வளவோ இருந்தன.

“ஓம் அன்ரி. ஊத்திக் குடுக்கிறனான்தான்.”

பெரியம்மா கடலைப் பார்த்தார். அந்தப் பதிலைத் தராசின் எந்தத் தட்டில் வைப்பது என்று அவருக்கு உடனே தெரியவில்லை போலிருந்தது. யசிந்தனும் கடலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், கப்பல்கள் நாலு. கொஞ்சத்தில் மூன்று. தென்மேற்கில், சூரியனுக்கு இடப்பக்கத்தில், யாரோ அழிறப்பரால் அழித்துக்கொண்டு வருவதுபோல கடலும் வானமும் ஒன்றாகி வெளிறிக்கொண்டிருந்தன. சோளகம் இன்னும் பலமாக அடித்தது.

“அது என்ன, புகையோ?” என்றார் பெரியம்மா.

யசிந்தன் கன்னத்தைச் சாய்த்தான். கண்ணை மூடினான். அந்த முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. தெரிந்த ஆளை வீதியில் கூப்பிட, அந்த ஆள் திரும்பி வேறு ஆளாக இருப்பதைப் பார்க்கிற மாதிரி. கண்ணைத் திறந்தபோது முதல் துளி அவன் மூக்கில் விழுந்தது. பிறகு துளி என்று ஒன்று இல்லை. தண்ணீர்.

அலறிக்கொண்டு ஆட்கள் லிப்ட் சுவரடிக்கு ஓடினார்கள். வெயிற்றர்கள் ஆளுக்கொரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஆளையாள் முட்டினார்கள். யசிந்தன் முதலில் மெத்தைக்குப் போகவில்லை. எழும்பத் தடுமாறிய அந்தக் கழுத்துப்பட்டி மனிதரைத் தோளில் தாங்கிக் கொண்டுபோய் உள்ளே விட்டுவிட்டு ஓடிவந்தான். றுவன் படங்கு, படங்கு என்று கத்தினார். யசிந்தனும் சேர்ந்து நாலு பேர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் கடல் பக்கம் இழுக்க, சோளகம் அடியால் புகுந்து, படங்கு பாய்மரம்போல உப்பி நாலு பேரையும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது.

பெரியம்மா எழும்பினார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார். கைப்பையை என் மடியில் எறிந்தார்.

“டேய், மேலை தூக்காதை. பதிச்சு இழு. காத்து வாற பக்கத்தை முதல்லை கட்டு.”

தமிழ் தெரியாத மூன்று பேரும் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். கருவாடு காய்கிற இடத்தில் எதிர்பாராமல் மழை வந்தால் எங்கள் ஆட்கள் செய்வது இதுதான். படங்கை நிலத்தோடு இழுத்து, காற்று வருகிற ஓரத்துக்கு முதலில் கல் வைப்பார்கள். மற்ற ஓரம் பிறகு தானாகப் படியும். யசிந்தனுக்கு அது நினைவு வந்துவிட்டது. தெற்குத் தூணடியில் அவன் முழந்தாளிட்டு நுனியைப் பிடிக்க, பெரியம்மா கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அடுத்த தூண். அடுத்த தூண். ஐந்து நிமிடத்தில் பாதி மாடிக்குக் கூரை வந்துவிட்டது. மறுபாதியில் பிறந்தநாள்காரி தோழிகளோடு மழையில் ஆடிக்கொண்டிருந்தாள். சமிந்த கேக்கை மேசைக்கடியில் தள்ளிக் காப்பாற்றியிருந்தான்.

நான் அந்த நேரம் முழுக்கக் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு துவாய்கள் வந்தன. றுவன் நனைந்த தலையோடு வந்து, நாளையிலிருந்து புரட்டாசி வரைக்கும் மழைக் கதையைச் சமிந்தவிடம்தான் கேட்பேன் என்று யசிந்தனிடம் சொன்னார். கோபமாகத்தான் தொடங்கினார், ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்ததும் முடிக்க முடியவில்லை. பெரியம்மாவைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். யசிந்தன் வாய் திறப்பதற்குள் சமிந்த பதில் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். யசிந்தன் மட்டும் நிலத்தில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான்.

என்னவாம் என்று பெரியம்மா என்னைக் கேட்டார். நீங்கள் ஆரென்று கேட்டவர் என்றேன். அதற்கு அவன் என்ன சொன்னான் என்றார். யசிந்தனுக்குப் பெண் குடுக்கப்போகிற மாமி என்று சொன்னவன் என்றேன்.

பெரியம்மா சேலைத் தலைப்பை முறுக்கிப் பிழிந்தார். இன்னொருமுறை பிழிந்தார், அதில் தண்ணீரே இருக்கவில்லை.

“அன்ரி, மழை வராதெண்டு நான்தான் சொன்னனான்,” என்றான் யசிந்தன். “சோளகமெண்டு நினைச்சிட்டன். என்ரை பிழை.”

“நானும்தான் நினைச்சனான். குடை வேண்டாமெண்டு இவனை மறிச்சனான், கேட்டுப் பார்.” பெரியம்மா கதிரையைத் துடைத்துவிட்டு இருந்தார். “இஞ்சத்தைச் சோளகம் மழையைக் காவிக்கொண்டு வருமெண்டு நாங்கள் என்ன கனவே கண்டது.”

மேசையில் அந்தப் பச்சைத் தண்ணீர் மழையும் சேர்ந்து விளிம்புவரை நிறைந்திருந்தது. எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு முழுவதையும் குடித்தார். இதற்குள் வேறு ஒன்றும் விடவில்லையே என்று கேட்டார். மழையைத் தவிர ஒன்றுமில்லை என்றான் அவன். அப்படியென்றால் இன்னொன்று கொண்டுவரச் சொன்னார்.

அவன் திரும்பப் போனான். பெரியம்மா கூப்பிட்டார்.

“கேள். அந்தக் கறுப்புத் தாள் கடைக்கு எதிரா வைச்ச கையெழுத்தை நான் மாத்தமாட்டன். நாளைக்கு வந்தாலும் வைப்பன்.”

“ஓம் அன்ரி.”

“நீ மறிச்சாயே ஒருத்தரை, அதை விடாதை.”

“ஓம்.”

“கொப்பரிட்டைச் சொல்லு, வாற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டை வரட்டாம். கொம்மாவும் வரட்டாம்.”

தகப்பனையும் தாயையும் வீட்டுக்கு வரச்சொன்னால் எங்களூரில் அது ஓம். அவன் வெறும் தட்டைப் பிடித்தபடி நின்றான். படங்கின் ஓரத்திலிருந்து அவன் தோளில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, விலகத் தோன்றவில்லை. பெரியம்மா காலை நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, மீண்டும் தெரியத் தொடங்கிய கப்பல்களை எண்ணினார்.

“குடை தேவையில்லையெண்டும் சொல்லு,” என்றார். “அங்கை சோளகம்.”